பயோடீசல் ஆறு மாசம் ஊத்திப் பாத்தாச்சு: ஒரு கோத்தகிரி பிக்கப்காரன் ரிவ்யூ

பயோடீசல்னா தாவர எண்ணெய், கொழுப்பு மாதிரி சமாச்சாரத்துலருந்து பண்ற டீசல். மார்க்க மொதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு ரெண்டரை. புகைக்கு ஒன்றரை, விலைக்கு அரை, அளவுல ஏமாத்தாததுக்கு அரை, மிச்சத்த பனி தின்னுடுச்சு. அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பிடலாம், ஏன் எதுக்குன்னு கேக்கறவங்க ஒரு டீ போட்டுட்டு வந்து உக்காருங்க, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நமக்கு கோத்தகிரி பக்கம். 2017 மாடல் பிக்கப் ஒன்னு, பிஎஸ் ஃபோர்ங்கற பழைய புகை விதிப்படி செஞ்ச வண்டி, டியூ முடிஞ்சு சொந்தமாகி ரெண்டு வருஷம் ஆச்சு. கேத்தி பாலாடால கேரட் லோடு ஏத்தி மேட்டுப்பாளையம் மண்டில இறக்கறது தொழில், திரும்பி மேல வரப்ப காலியா வராம உரமூட்டையோ அரிசியோ ஏத்திட்டு வருவேன். கேரட் வேலை தெரிஞ்சவங்களுக்கு தெரியும், நடுராத்திரி 2 மணிக்கே பறிக்க ஆரம்பிச்சுடுவாங்க, மிஷின்ல கழுவி மூட்ட கட்டி வெடியறதுக்குள்ள கீழ கொண்டு போய் சேக்கணும், லேட்டான ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் வெல எறங்கும். அதனால நமக்கு வண்டி காலைல ஒரே சாவில ஸ்டார்ட் ஆகறதுதான் முக்கியம், மத்ததெல்லாம் அப்புறம். இத மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்த படிங்க.

போன ஆகஸ்ட்ல மண்டில கூட வண்டி ஓட்டற அண்ணன் ஒருத்தர்தான் சொன்னாரு, கீழ ஒரு இடத்துல பயோடீசல் பங்க் இருக்கு, லிட்டருக்கு 11 ரூபாய் கம்மி, நீ வேற எதுக்கு டீசலுக்கு அழுவறன்னு. (பங்க் பேரு போடல, கேக்காதீங்க, அந்த ஆளுக்கும் புள்ளகுட்டி இருக்கும்.) போய் பாத்தேன். பெரிய போர்டு, பச்சை இலை படம், 'செடியிலிருந்து எரிபொருள், நூறு சதவீதம் இயற்கை'னு எழுதியிருந்துச்சு. எனக்கு காசு கம்மிங்கறது ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் மலைல பொறந்து வளந்தவன், கண்ணு முன்னாடி மழை மாறி, பனி மாறி, ஜூன்ல வர வேண்டியது எப்ப வருதுன்னே தெரியாம போயிட்டிருக்கு, நம்ம வண்டியாவது கொஞ்சம் பாவம் கம்மியா பண்ணட்டுமேன்னு நெஜமாவே தோணுச்சு. வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பற ஜாதி நாங்க.

சர்வீஸ் பத்தி சொல்லணும்னா குறை சொல்ல முடியாது. கூட்டம் இல்ல, பையன் மரியாதையா பேசறான், மீட்டர் சரியா இருக்கான்னு நான் அஞ்சு லிட்டர் கேன்ல புடிச்சு பாத்தேன், சொட்டு கூட குறையல. பில்லு கேட்டாதான் குடுப்பாங்க. குடுத்த பில்லுலயும் எந்த தரம்னு ஒரு எழுத்து கிடையாது. பயோடீசலுக்கு ஐஎஸ் 15607 னு ஒரு தர நிர்ணயம் இருக்கு, டெஸ்ட் ரிப்போர்ட் வச்சிருக்கணும், அதோட சட்டப்படி அத டீசல்ல கலக்கறதுக்குன்னுதான் விக்கலாம், 2019லயே மத்திய அரசு விதிமுறை போட்டாச்சு. இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது, பையன் 'நேராவே ஊத்திக்கலாம்ணா'ன்னான், நான்தான் பயந்துட்டு அஞ்சுல ஒரு பங்கு கலந்தேன். பயம் நல்லது.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். புகை. கோத்தகிரி ரோட்டுல லோடோட செகண்ட் கியர்ல ஏறும்போது பின்னாடி வர்ற பைக்காரன் மூஞ்சிய எத்தனையோ நாள் கண்ணாடில பாத்திருக்கேன், கர்ச்சீப்ப கட்டிக்கிட்டு நம்மள திட்டிக்கிட்டே வருவான். கலந்து ஊத்துன ரெண்டாவது வாரத்துலயே அந்த கருப்புப் புகை கண்ணுக்கு தெரியற அளவு குறைஞ்சுடுச்சு, அதுவும் ஹேர்பின்ல மிதிக்கறப்ப. இது என் பிரமை இல்ல, பயோடீசல்லயே ஆக்சிஜன் கொஞ்சம் இருக்கறதால நல்லா எரியுது, கரித்துகளும் கார்பன் மோனாக்சைடும் குறையும், நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் லேசா கூடும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் துறை 2002லயே கணக்கு போட்டிருக்கு. இன்ஜின் சத்தமும் கொஞ்சம் மெதுவா இருந்த மாதிரி இருந்துச்சு. வாசனைதான் தமாசு, வண்டி பின்னாடி நின்னா பஜ்ஜிக் கடை பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கும், லோடு ஏத்தற பசங்க 'அண்ணே பசிக்குதுண்ணே வண்டிய ஆஃப் பண்ணுங்க'ன்னு கலாய்ப்பானுங்க.

அந்த தெம்புல பேராச வந்து அக்டோபர்ல பாதிக்குப் பாதி ஆக்கிட்டேன். இங்கதான் கணக்கு வருது. பயோடீசல்ல லிட்டருக்கு சக்தி டீசல விட 8 சதவீதம் பக்கம் கம்மி, பாதி கலந்தா 4 சதவீதம் மைலேஜ் அடி, நான் நோட்டு போட்டு எழுதினதுலயும் கிட்டத்தட்ட அதேதான் வந்துச்சு. டீசல் 94, இது 83, கலந்தா 88.50, மைலேஜ் அடியையும் சேத்தா 92 ரூபாய். ஆக போர்டுல 11 ரூபாய் கம்மி, பாக்கெட்டுல வந்தது 2 ரூபாய். ஒரு நாளைக்கு 11 லிட்டர் எரிக்கறவனுக்கு 22 ரூபாய், ஒரு டீயும் ரெண்டு வர்க்கியும். அதுக்கும் ஃபில்டர் வந்து கை நீட்டுச்சு. பழைய வண்டி டேங்க்ல வருஷக்கணக்கா படிஞ்சிருக்கற அழுக்க இந்த எண்ணெய் கரைச்சு இழுத்துட்டு வரும், சோப்பு மாதிரி வேலை செய்யும். மொத மாசத்துலயே ஃபில்டர கழட்டுன மெக்கானிக் அண்ணன் அத தூக்கிக் காட்டி 'தம்பி, இது ஃபில்டரா இல்ல கரி அடுப்பா'ன்னாரு. ஆறு மாசத்துல மூணு ஃபில்டர். டேங்க்லருந்து வர்ற ஒரு பழைய ரப்பர் ஹோஸ் வேற ஊறிப்போய் விரல் வச்சா அமுங்குது, அதையும் மாத்தியாச்சு. 'ஊத்தறதுக்கு முன்னாடி டேங்க கழுவிக்கோங்க, ஒரு ஸ்பேர் ஃபில்டர் வண்டில வச்சுக்கோங்க'ன்னு ஒரு வார்த்த பங்க்ல சொல்லியிருந்தா அவங்களுக்கு இன்னொரு அரை மார்க் போட்டிருப்பேன்.

சரி, பனி. ஜனவரி, பொங்கலுக்கு அப்புறம் ஒரு செவ்வாக்கெழம. பாலாடால தோட்டத்து ஓரமா வண்டிய நிறுத்திட்டு உள்ளயே படுத்துட்டேன். மூணு மணிக்கு எழுப்புனாங்க, வெளிய வந்தா புல்லெல்லாம் உப்பு தூவுன மாதிரி வெள்ளை, கண்ணாடில பனி ஏறி சுரண்டினா கரகரங்குது. அறுபது மூட்டை ஏத்தி கயிறு கட்டியாச்சு. சாவிய திருப்பறேன், இன்ஜின் சுத்துது, புடிக்கல. திரும்ப, திரும்ப, பேட்டரி மொனக ஆரம்பிச்சுடுச்சு. டார்ச் அடிச்சு ஃபில்டர் கிண்ணத்த கழட்டினா உள்ள எண்ணெய் இல்லீங்க, நெய் இருக்கு. பொங்கலுக்கு மிச்சமான நெய் டப்பாவ தொறந்த மாதிரி, வெள்ளையா, மணல் மணலா, விரல வச்சா குழி விழுது. பக்கத்து கொட்டகைல பொம்பளைங்க டீக்கு வச்சிருந்த வெந்நீர வாங்கி துணிய நனைச்சு நனைச்சு ஃபில்டர் மேல சுத்தி, லைன் மேல ஊத்தி, ஒன்னரை மணி நேரம். இதுக்குள்ள ரெண்டு பேரு 'வைக்கோல் கொளுத்தி டேங்குக்கு அடில காட்டு'ன்னு ஐடியா குடுத்தாங்க, அவங்கள நான் ஒன்னும் சொல்லல. அஞ்சு மணிக்கு மேல கிளம்பி மண்டிக்கு போய் சேந்தப்ப ஏலம் பாதி முடிஞ்சாச்சு. தோட்டக்காரர் ஒரு வார்த்த பேசல, அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

இப்ப வர்றேன் விஷயத்துக்கு. மலைல இருக்கறவங்களுக்கு அந்த வெள்ளைய பாத்தவுடனே ஒன்னு ஞாபகம் வரும். ரேஷன்ல 25 ரூபாய்க்கு குடுக்கற பாமாயில் பாக்கெட். டிசம்பர் ஜனவரில அது நம்ம வீட்டுல எப்பவும் பாதி கட்டியாத்தான் இருக்கும், அடுப்புப் பக்கத்துல வச்சு இளக்கித்தான் ஊத்தணும். சூரியகாந்தி எண்ணெய் அப்படி ஆகாது. பங்க்காரன் செடி எண்ணெய்னான், என்ன செடின்னு சொல்லலயே.

அதனால ஒரு வேலை பண்ணேன். மச்சான் டீ ஃபேக்டரில இருக்கான், இலை வாடல் போடற மாடில தொங்கற தெர்மாமீட்டர் ஒன்ன ரெண்டு நாளைக்கு வாங்கிட்டு வந்தேன். மூணு பாட்டில். ஒன்னுல பங்க் பயோடீசல் கலக்காதது, ஒன்னுல ரேஷன் பாமாயில், ஒன்னுல சூரியகாந்தி. சமையக்கட்டு ஜன்னல் திண்டுல வரிசையா வச்சுட்டு சாயங்காலம் ஆறு மணிலருந்து உக்காந்து பாத்தேன், எங்கம்மா இவனுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு முடிவே பண்ணிட்டாங்க. 14 டிகிரிக்கு வந்தப்பவே பயோடீசல் மங்க ஆரம்பிச்சுடுச்சு, 11ல அடில வெள்ளையா இறங்கிடுச்சு. பாமாயில் அதுக்கப்புறம்தான், ராத்திரி சாப்பாட்டுக்கு மேல. சூரியகாந்தி விடிய விடிய கண்ணாடி மாதிரி நின்னுச்சு. அதாவது இந்த எரிபொருள் பாமாயில விட சீக்கிரம் உறையுது. அப்ப பாமாயில்லருந்தோ, பாமாயில வடிக்கும்போது தனியா பிரியற கட்டிக் கொழுப்பு, ஸ்டியரின்னு சொல்லுவாங்க, அதுலருந்தோ வந்திருக்கலாம், மாட்டுக் கொழுப்பு மாதிரி வேற ஏதாவதும் கலந்திருக்கலாம், அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா இந்தியால பயோடீசல் பண்றவங்க ரொம்ப வருஷமா வெளிநாட்டுலருந்து இந்த பாம் ஸ்டியரின இறக்கித்தான் ஓட்டிட்டு இருந்தாங்கங்கறது தெரிஞ்ச விஷயம்.

அடுத்த தடவ பங்க்ல ஓனரே இருந்தாரு. கேட்டேன்.
'சார், இது என்ன எண்ணெய்ங்க?'
'செடி எண்ணெய்தாங்க, சுத்தமான இயற்கை.'
'என்ன செடிங்க?'
'காட்டாமணக்கு, புங்கன், எல்லாம் கலந்துதான் வரும்.'
'பாமாயில் மாதிரி உறையுதுங்களே?'
'அதுவும் மரத்துலதான காய்க்குது தம்பி.'
இந்த பதிலுக்கு நான் ஒன்னும் சொல்ல முடியல, அவர் சொன்னதுல பொய் ஒன்னும் இல்ல பாருங்க. மரத்துலதான் காய்க்குது. அந்த மரம் எங்க நிக்குது, அதுக்கு முன்னாடி அந்த எடத்துல என்ன நின்னுச்சுங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

செடி வளரும்போது காத்துலருந்து கரியமில வாயுவ இழுக்குது, எரிக்கும்போது அதேதான் திரும்ப போகுது, ஆக கூட்டல் கழித்தல் பூஜ்யம். இதுதான் எல்லாரும் சொல்ற கணக்கு, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தோனேசியாலயோ மலேசியாலயோ காட்ட அழிச்சு பாமாயிலுக்கு எண்ணெய்ப்பனை நட்டா அந்தக் காடு புடிச்சு வச்சிருந்ததெல்லாம் ஒரேயடியா மேல போயிடும், அந்தக் கடன பயோடீசல் கொஞ்சம் கொஞ்சமா அடைக்க எத்தனை வருஷம் ஆகும்னு 2008ல சயின்ஸ் பத்திரிகைல ஒரு கணக்கு வந்துச்சு. சாதாரண மழைக்காட அழிச்சிருந்தா 86 வருஷம் பக்கம். அடில கரிச்சேறு மண்ணு இருக்கற சதுப்புக்காடா இருந்தா 400 வருஷத்துக்கு மேல. என் வண்டி டியூ அஞ்சு வருஷத்துல முடிஞ்சுது. ஐரோப்பாக்காரங்களே 2030க்குள்ள பாமாயில் பயோடீசல பசுமைக் கணக்குல சேக்கறத நிறுத்திடறோம்னு சட்டம் போட்டுட்டாங்க, நம்ம ஊர்ல அத பச்சை இலை போட்டு விக்கறாங்க. இன்னொன்னு, எண்ணெய பயோடீசலா மாத்த மெத்தனால் வேணும், 100 கிலோ எண்ணெய்க்கு 10 கிலோவுக்கு மேல போகும், அந்த மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுலருந்து வர்றது, அதாவது பூமிக்கடில இருந்து எடுத்ததுதான். நூறு சதவீதம் இயற்கைன்னு போர்டுல போட்டாங்கல்ல, அதுல பத்து இங்கயே போச்சு.

உரத்தையும் விட்டுடக்கூடாது. நானே யூரியா மூட்டைய மலைக்கு ஏத்திட்டு போறவன், அதனால தெரியும் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு கொட்டறாங்கன்னு. கொட்டறதுல ஒரு பங்கு மண்ணுலருந்து நைட்ரஸ் ஆக்சைடா கிளம்பும், அது கரியமில வாயுவ விட 270 மடங்கு சூடேத்தற சமாச்சாரம். எரிபொருளுக்குன்னே ஒரு பயிர உரம் போட்டு வளத்தா அந்தக் கணக்கும் சேரும்.

அப்ப எல்லாமே மோசமான்னா இல்ல. ஊட்டி மார்க்கெட் பக்கம் மொளகா பஜ்ஜி போடற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, நான் பத்து வருஷ கஸ்டமர். பாட்டில் ஆராய்ச்சிக்கு அப்புறம் அவங்ககிட்ட கேட்டேன், அக்கா இந்த சுட்ட எண்ணெய் எல்லாம் எங்க போகுதுன்னு. 'முன்னல்லாம் சின்ன கடைக்காரங்க பாதி வெலைக்கு வாங்கிட்டு போய் திரும்ப அதுலயே போடுவாங்க கண்ணு, இல்லன்னா சாக்கடைதான், இப்ப கேன்ல ஊத்தி வச்சா ஒரு ஆளு மாசாமாசம் வந்து எடை போட்டு காசு குடுத்துட்டு எடுத்துட்டு போறான், டீசல் பண்றாங்களாம்'னாங்க. இது அரசாங்கத்து ஏற்பாடுதான், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல ஆரம்பிச்சுது, ரூகோன்னு பேரு. அதே வருஷம் ஜூலைலருந்து எண்ணெய்ல போலார் காம்பவுண்டுங்கற கெட்டது 25 சதவீதத்த தாண்டிட்டா சமையலுக்கு உபயோகிக்கக்கூடாதுன்னு விதி. அந்த சுட்ட எண்ணெய டீசல் பண்ணினா நான் ரெண்டு கையையும் தூக்கி ஆதரிப்பேன். புதுசா ஒரு செடி நட வேண்டாம், ஒரு காட்ட வெட்ட வேண்டாம், ஊட்டிக்கு வர்ற டூரிஸ்ட் பஜ்ஜி தின்ன பாவத்துல பாதி வண்டில எரிஞ்சு போயிடும், அந்த எண்ணெய் இன்னொருத்தர் வயித்துக்குள்ள போகாதுங்கறது அதவிட பெரிய புண்ணியம்.

சிக்கல் என்னன்னா அக்கா கடைல ஊத்தறதும் பாமாயில்தான். ஆக என் ஜன்னல்ல உறைஞ்ச பாட்டில் பஜ்ஜி பாத்த பாமாயிலா, பஜ்ஜியே பாக்காம கப்பல்லருந்து நேரா வந்ததான்னு உறையறத வச்சு சொல்லவே முடியாது. ஒன்னு பூமிக்கு நல்லது, இன்னொன்னு டீசல விட மோசம், ரெண்டும் கைல ஒரே மாதிரி வழவழன்னு இருக்கும், ஒரே மாதிரி உறையும். பேப்பர்தான் சொல்லணும், எங்க வாங்கினோம்ங்கற பேப்பர். அந்த பேப்பர்தான் அந்த பங்க்ல இல்ல. என் ரெண்டரை மார்க்குக்கு காரணம் பனி கூட இல்லீங்க, யோசிச்சா இதுதான்.

சுட்ட எண்ணெய் எல்லாத்தையும் சேத்தாலும் எவ்வளவு வந்துடும்ங்கறீங்க. நம்ம நாடு மொத்தமா சமையலுக்கு வருஷத்துக்கு உபயோகிக்கற எண்ணெய் 2.5 கோடி டன் பக்கம், அதுலயும் பாதிக்கு மேல இறக்குமதி. டீசல் 9 கோடி டன் பக்கம் எரிக்கறோம். பஜ்ஜியே சுடாம எல்லா எண்ணெயையும் வண்டில ஊத்தினாலும் மூணுல ஒரு பங்கு கூட தேறாது. 2030க்குள்ள டீசல்ல 5 சதவீதம் பயோடீசல் கலக்கணும்னு அரசு வச்சிருக்கற இலக்கே தொலை தூரம்.

காட்டாமணக்க பத்தி ஓனர் சொன்னாருல்ல, அது எங்க குடும்பத்துக்கே தெரிஞ்ச கதை. தாராபுரம் பக்கம் எங்க மாமா 2006 வாக்குல ரெண்டு ஏக்கர்ல போட்டாரு, அப்ப ஊரெல்லாம் அதே பேச்சு, தரிசு நிலத்துல தண்ணியே இல்லாம வளரும், ஆடு கடிக்காது, காய் பறிச்சா காசுன்னு. வளந்துச்சு, காய்க்கத்தான் இல்ல. கிணத்துத் தண்ணி விட்டா காய்க்கும், கிணத்துத் தண்ணி விடறதா இருந்தா எவன் காட்டாமணக்கு போடுவான், கடலையே போடுவான். நாலாவது வருஷம் ஜேசிபி விட்டு பிடுங்கிட்டாரு. 'வேலிக்கு நின்னப்ப சமத்தா இருந்துச்சு மாப்ள, வயலுக்குள்ள விட்டதும் சோறு கேட்டுச்சு'ம்பாரு இப்பவும். நாடு முழுக்க அதான் நடந்துச்சு, 2017க்குள்ள 20 சதவீதம்னு 2009 கொள்கைல எழுதி வச்சது என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

பெட்ரோல் பக்கமும் இதே பாட்டுதான், இப்ப பங்க்குக்கு போனா எல்லாம் இ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். என் பழைய பைக்குல மைலேஜ் லேசா குறைஞ்சுது, நிதி ஆயோக்கே 2021ல சொல்லிட்டாங்க பழைய டூவீலர்ல 3லருந்து 4 சதவீதம், கார்ல 6லருந்து 7 அடிக்கும்னு. அதே அறிக்கைலதான் கரும்புலருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணி ஆகும்னும் இருக்கு, கரும்பு கேக்கற தண்ணியையும் சேத்து. குன்னூர்ல குடத்துக்கு லைன் நிக்கறவங்க இத படிச்சா என்ன சொல்லுவாங்களோ. தண்ணி கம்மியா கேக்குதுன்னு மக்காச்சோளத்துக்கு போனாங்க, 2024ல மக்காச்சோளம் ஏத்துமதி பண்ணிட்டு இருந்த நாடு இறக்குமதி பண்ற நிலைமைக்கு வந்துச்சு, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்க தீவனம் வெல ஏறிடுச்சுன்னு கத்தினாங்க. விவசாயிக்கு சோளம் நல்ல வெல போச்சுங்கறதையும் சொல்லணும், அத குறை சொல்ல எனக்கு வாய் வரல, நானும் விளைய வைக்கறவங்க லோடுலதான் சோறு திங்கறேன்.

எங்க தாத்தா இருந்திருந்தா இதெல்லாம் கேட்டு சிரிச்சிருப்பாரு. ஏன்னா செடிய எரிபொருளுக்குன்னு நட்டு மலைய மாத்தின கதை நம்ம ஊர்ல ஏற்கனவே நடந்து முடிஞ்சாச்சு. வெள்ளக்காரன் ஊட்டில குடியேறினதும் குளிருக்கு விறகு பத்தாம சோலைய வெட்டினான், வெட்ட வெட்ட சோலை தீருதுன்னு பயந்து ஆஸ்திரேலியாலருந்து கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்தான்) சீகையையும் (வாட்டில் மரம்) கொண்டு வந்து 1840கள்லருந்து புல்வெளி மேல நட்டான். அந்தக் காலத்துல அதுதான் பசுமைத் திட்டம், காட்ட காப்பாத்தத்தான் நட்டது. புல்வெளி அவன் கண்ணுக்கு சும்மா கெடக்கற நெலம். அந்த சும்மா கெடந்த புல்லுதான் மழைத்தண்ணிய புடிச்சு வச்சு வருஷம் பூரா ஊத்தா விட்டுட்டு இருந்துச்சு, தோடர் எருமைக்கு மேய்ச்சலும் அதுதான். இன்னைக்கு அந்த சீகைய பிடுங்கறதுக்கு கோர்ட்டு வரைக்கும் போயாச்சு, வெட்ட வெட்ட விதைலருந்து மொளைக்குது. தாத்தா சொல்லுவாரு, எங்க வீட்டுக்கு மேல இருந்த ஊத்து கற்பூர மரம் பெருசானப்பறம் சித்திரைல வத்த ஆரம்பிச்சுதுன்னு. அப்படியும் நம்ம டீ ஃபேக்டரி பாய்லர்லாம் இன்னும் அந்த விறகுலதான் ஓடுது, ஏற்கனவே நிக்கற மரத்த வெட்டி எரிக்கறதுல எனக்கு ஒன்னும் பிரச்சனை இல்ல, அதுக்குன்னு புதுசா ஒரு புல்வெளிய தேடாம இருந்தா சரி.

ரிவ்யூவுக்கு வர்றேன், தடம் மாறிட்டேன். கீழ கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் சமவெளில ஓட்டறவங்க, பழைய டைப் பம்ப் இருக்கற லாரிக்காரங்க, அஞ்சுல ஒரு பங்கு கலந்து ஊத்தலாம், டேங்க கழுவிட்டு, ரெண்டு ஃபில்டர் கைல வச்சுக்கிட்டு. பிஎஸ் சிக்ஸ் வண்டி வச்சிருக்கறவங்க கம்பெனி புத்தகத்துல எவ்வளவு சதவீதம் போட்டிருக்கோ அதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம், இன்ஜெக்டர் போச்சுன்னா வீட்டு நகை போகும். மாசக்கணக்கா வாங்கி ஸ்டாக் வைக்காதீங்க, தண்ணிய இழுத்துக்கும், அடில பாசி மாதிரி ஒன்னு புடிக்கும், நாறும். மலைக்காரங்க நவம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் அந்த பக்கமே தலை வச்சு படுக்காதீங்க, மண்ணெண்ணெய் கலந்தா உறையாதுன்னு எவனாவது சொன்னா அவன் வண்டில கலக்க சொல்லுங்க. எந்த பங்க்கா இருந்தாலும் ரெண்டு கேள்வி, ஐஎஸ் 15607 ரிப்போர்ட் எங்க, எண்ணெய் எங்கிருந்து வந்துச்சு. சுட்ட எண்ணெய்னு சொன்னா எந்த ஊர்ல சேகரிக்கறீங்கன்னு கேளுங்க, சேகரிக்கறவன் ஊர் பேர கடகடன்னு சொல்லுவான்.

நான் இப்ப டீசல்தான். ஏப்ரல் வந்ததும் அஞ்சுல ஒரு பங்கு மறுபடி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், ஆனா அக்கா கடைல வந்து எண்ணெய் எடுக்கற அந்த ஆளோட கம்பெனி எங்க விக்குதுன்னு கண்டுபுடிச்சு அங்க வாங்கற ஐடியா, நம்பர் வாங்கி வச்சிருக்கேன். பழைய பங்க் ஓனருக்கு வாட்ஸப்ல ரிப்போர்ட் அனுப்புங்கன்னு மூணு தடவ கேட்டாச்சு. தெனமும் பச்சை இலை படம் போட்ட குட் மார்னிங் மட்டும் தவறாம வருது. மிச்சம் இருக்கற இருபது லிட்டர் கேன் மாட்டுக் கொட்டகைல கெடக்கு, அம்மா போன வாரம் மூடிய தொறந்து பாத்துட்டு 'ஏன்டா இவ்ளோ டால்டாவ வாங்கி இங்க வச்சிருக்க'ன்னு சத்தம் போட்டாங்க, அதுக்கப்புறம் மேல சாக்பீஸால பெருசா வண்டிக்குன்னு எழுதி வச்சுட்டேன்.